இரண்டாம் குவியம்

பிறர் பையில் கை விட்டவனைத் திருடன் என்கிறோம். பிறர் மெட்டில் கைவைத்தவனையோ மேதை என்று மாலையிட்டு மேடையேற்றுகிறோம். அப்படி ஏற்றப்பட்டவன் பாடகன். பறிகொடுத்தவள் அவனுடைய சொந்தத் தங்கை, கட்டடக்கலைஞர். அவள் கட்டிய இசையரங்கம் மறுநாள் திறக்கப்பட இருந்தது. அவள் அமைத்த மெட்டோ, அண்ணன் பெயரில், அவ்விழாவின் முதற்பாடலாக இருந்தது.

"கோடு போடுறவளுக்கு மெட்டு எதுக்குடி?" என்று அவன் சிரித்த அன்றே, அரங்கின் வரைபடத்தில் இருந்த செவ்வகத்தை அழித்து நீள்வட்டத்தை வரைந்துவிட்டாள்.

நீள்வட்டத்துக்குள் குவியம் எனப்படும் புள்ளிகள் இரண்டு உண்டு. ஒன்றில் எழும் ஒலி, சுவரில் எங்கே பட்டுத் தெறித்தாலும், மற்றொன்றில் வந்து கூடும். ஒன்றில் பாடகன் நிற்கும் இடத்தை அமைத்தாள். அரங்கின் மறுகோடியில் இருந்த மற்றொன்றில், திறப்புக்கு முந்தைய நாள் ஒத்திகைக்கு வந்த இசைச்சங்கத் தலைவரை அமர்த்தினாள்.

"ஐயா, இங்கிருந்தே கேளுங்க. எழுந்திரிச்சிடாதீங்க."

பிறகு, அண்ணன் தன் இடத்தில் நின்றிருந்த மேடைக்குச் சென்றாள். ஒலிவாங்கிக்கு இன்னும் உயிர் வரவில்லை.

"அண்ணா, நமக்குள்ளதான் கேக்கறேன். அந்த மெட்டு யாரோடது?"

அவன் தொலைவில் இருந்த தலைவரைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"உன்னோடதுதான். இப்போ என்னங்கற? போய்ச் சொல்லேன், எவன் நம்பறான்னு பாப்போம். அதோ உக்காந்திருக்காரே உங்க தலைவர், அவருக்குப் பாட்டுக்கும் பாத்திரம் உருளுற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது!"

"இது நல்லாவே கேட்டுது, தம்பி."

தலைவர் எழவும் இல்லை, கத்தவும் இல்லை. ஆனால் அச்சொற்கள், காதோரம் நின்று சொன்னவை போல, மேடையில் வந்து விழுந்தன. பாடகன் முகத்தில் ஈயாடவில்லை.

"கூடப் பிறந்தவனையே கவுத்துட்டியேடி!"

"நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லலையே. நீதானே சொன்னே?"

"நாளைக்கு வேற ஆளைப் பாட வெச்சுக்கலாம்மா," என்றார் தலைவர்.

"வேண்டாங்க ஐயா. அண்ணனே பாடட்டும். அதுக்கு முன்னாடி மெட்டு யாரோடதுன்னு, வந்த கூட்டத்துக்கு அவன் வாயாலயே சொல்லட்டும். இப்போ ஒருதடவை சொல்லிப் பாத்துடலாமே."

அவன் தன் கால்விரல்களைப் பார்த்தபடி முணுமுணுத்தான்: "மெட்டு... என் தங்கச்சியோடது."

தலைவர் தலையசைத்தார். அவ்வரங்கில் முணுமுணுப்பே போதும் என்பதை அவளைவிட அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் அவள் விடுவதாக இல்லை.

"கேக்கல, அண்ணா. இன்னும் சத்தமா."