சுப்பையன் மேடு

மலாக்கா ஆற்று முகத்துவாரம் என்று யாராவது வாய் திறந்தால் போதும், சுப்பையனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். இருபது வருஷம் மண் வாரும் கப்பலில் வேலை பார்த்தவர். வாரிய சேற்றைக் கிளேபாங் கடலோரத்தில் கொட்டிக் கொட்டி அங்கே ஒரு மேடே எழுந்துவிட்டது. "அது என் மேடுய்யா. எந்த வெள்ளமும் ஏறாது" என்று தான் குடியிருந்த காஜா பேராங் முழுக்கச் சொல்லித் திரிவார்.

ஜப்பான்காரன் வந்தான். கப்பல் கரையில் கிடந்து துருப்பிடித்தது. வாருவாரில்லாத சேறு ஆற்றின் வாயை அடைக்க, ஒதுங்கிப் பாய்ந்த தண்ணீர் மேட்டைத் தின்னத் தொடங்கியது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷனுக்குப் பெருமை மட்டும் கரையவேயில்லை, பாவி!

சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றதும், ஒரே மகன் ராஜரத்தினத்தை விடியலில் சம்பான் படகில் ஏற்றிப் போய் மேட்டில் இறக்கினார்.

"மேடு சின்னதா இருக்கேப்பா. எனக்கு நீச்சலும் தெரியாது."

"ஆறு கொஞ்சம் கடிச்சிருக்கு, அவ்வளவுதான். நான் கொட்டின மண்ணுடா, எங்க போயிரும்? சுத்தி சேறு, கால வச்சா இழுத்துரும். சாயங்காலம் நான் வந்து கூப்பிடற வரைக்கும் அசையாத."

வீடு திரும்பினால் வாசலில் சிப்பாய்கள். மகன் ஓடிவிட்டான் என்றார். அடித்தார்கள், இழுத்துப்போய் அடைத்தார்கள். அன்று பௌர்ணமி, கடல் பொங்கி ஏறும் நாள். மூன்றாம் நாள் பல் உடைந்து வெளியே வந்தவர், ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் நேரே சம்பானை எடுத்தார்.

மேட்டுப் புல்லெல்லாம் சேறு பூசிப் படுத்துக் கிடந்தது. ஓரத்து ஒற்றைப் பாக்காவ் மரத்தில், இடுப்புச் சாரத்தால் தன்னை இறுகக் கட்டிக்கொண்டு ராஜரத்தினம் இருந்தான். வாய் நிறையச் சேறு. அடித்துப் போகாமலிருக்கக் கட்டியிருக்கிறான். வெள்ளம் அவன் தலைக்கு மேல் ஏறி, இறங்கிப் போயிருந்தது.

முடிச்சை மிச்சப் பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. மகனைச் சம்பானில் கிடத்தி, படகை ஆற்றங்கரையில் கட்டிவிட்டு, நெஞ்சளவு சேறோடு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி சிவகாமசுந்தரி ஓடிவந்தாள். "ஆள் பிடிக்கிற லோரி போயிருச்சுங்க! இனி நம்ம பக்கம் வர மாட்டானாம். பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, மரவள்ளி அவிச்சு வச்சிருக்கேன்."

சுப்பையன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அசையாதன்னு சொன்னேன்டி. அசையவே இல்ல."