முந்நூற்றுப் பன்னிரண்டு

எண் அட்டையின் நான்கு மூலைகளிலும் ஊக்கு குத்தி முடித்த மகள், இரண்டடி பின்னால் தள்ளி நின்று அப்பாவைப் பார்த்தாள். கோணல் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு நெஞ்சின் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கும் அம்மாவுக்கும் அதே எண்தான். குடும்பப் பிரிவில் வீட்டுக்கு ஒரே எண், ஒரே நேரம். எல்லோரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினால்தான் பதக்கம்.

"அப்பா, நீங்க பாட்டுக்கு வேகமாப் போயிடாதீங்க. என் பக்கத்துலயே வாங்க."

"உனக்காகக் குறைச்சுக்கறேன் குட்டி," என்றார், ஒரு காப்பீட்டு நிறுவனக் கிளையின் துணை மேலாளரான அந்த அப்பா.

ஐந்து கிலோமீட்டர். வாழ்நாளில் அவர் நிற்காமல் ஓடிய அதிகபட்சத் தூரம் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையில் அடங்கிவிடும். அதுவும் ஒரு பேருந்தைப் பிடிப்பதற்காக. பேருந்து நிற்கவில்லை.

இது யாருக்கும் தெரியாது. ஊரைப் பொறுத்தவரை அவர் எட்டு மாதமாகத் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடுகிறவர். மருத்துவர் சர்க்கரை அளவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய அன்றே புதுக் காலணி வாங்கி, அலுவலகத்தில் எல்லோரிடமும் அறிவித்தும் விட்டார். அறிவித்த அளவுக்கு ஓட முடியவில்லை. முதல் நாள் குடியிருப்பின் வாசலிலிருந்து பூங்கா முனை வரை ஓடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள், மோட்டார் அறைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத ஒரு சிமெண்டு பெஞ்சைக் கண்டுபிடித்தார். அங்கே நல்ல காற்று வந்தது. அணில்கள் வந்தன. தொலைபேசி வரவில்லை. நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு, குழாயைத் திறந்து கழுத்திலும் அக்குளிலும் அளவாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீடு திரும்புவார். முதுகில் தெளிக்க மறந்த நாட்களில் சுவரோரமாக, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து குளியலறைக்குள் போய்விடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிறந்தநாளுக்கு மனைவி அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுக்கும் வரை. அந்தச் சனியன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை உட்கார்ந்திருப்பதாகவே எண்ணியது. இரண்டு நாள் வியர்த்துப் போனவருக்கு மூன்றாம் நாள் வழி பிறந்தது. குடியிருப்பின் ஆறு கட்டடங்களிலும் படிக்கட்டு பெருக்குகிற அக்கா, வாளி நிரப்ப அந்தக் குழாயடிக்குத்தான் வருவாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்தாளே தவிர, ஒன்றும் கேட்கவில்லை. "என் நடை உங்க பேர்ல ஏறுதா? ஏறட்டும் சார். எனக்கு அது எதுக்கு," என்று கையை நீட்டினாள். அன்றிலிருந்து அவர் அலுவலகம் விட்டு வரும் வரை கடிகாரம் அவள் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு துணை மேலாளரின் உடல்நிலை பிரமாதமாக முன்னேறியது. பத்தாயிரம் அடிகள், பன்னிரண்டாயிரம் அடிகள். மேல் தொட்டியைக் கழுவிய நாளில் இருபதாயிரத்தைத் தாண்டினார். மகள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் அன்றைக்குத் தங்க நட்சத்திரம் ஒட்டினாள். அக்கா விடுப்பு எடுத்த நாட்களில், ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்று விளக்கம் சொன்னார். ஒரு வாரம் அக்கா காய்ச்சலோடு வேலைக்கு வர, கடிகாரத்தில் இதயத் துடிப்பு எகிறியிருப்பதைப் பார்த்துப் பதறிய வீட்டார் இவரைப் படுக்க வைத்து மாத்திரை கொடுத்தார்கள். மறுக்க வழியில்லாமல் அவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'மாரத்தான் சார்' என்று பெயர் விழுந்தது. ஓட்டம் காலில் இல்லை, மனதில் இருக்கிறது என்று அவர் அடிக்கடி சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. போன வருடம் பள்ளி விளையாட்டு விழாவில் கடைசியாக, எல்லோரும் ஓடி முடித்து நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தாள். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் ரோடு ரோலர். அதற்குப் பிறகு பேருந்தைப் பிடிக்கக்கூட அவள் ஓடியதில்லை. போனால் போகட்டும் என்று நின்றுவிடுவாள். அப்படிப்பட்டவள் போன மாதம் இந்தக் குடும்ப ஓட்டத்தின் துண்டறிக்கையைத் தானே கொண்டுவந்து நீட்டி, அப்பா கூட வந்தால் நானும் ஓடுகிறேன் என்றாள். வகுப்பில் பாதிப் பேர் வருவார்களாம். வரட்டும், என்றாள்.

அந்த 'வரட்டும்' என்ற சொல்தான் துணை மேலாளரைத் தூங்கவிடாமல் செய்தது. காலைச் சுளுக்கிக்கொள்ளலாமா என்று யோசித்தார். குளியலறை வாசலில் வழுக்கி விழ ஒருமுறை முயன்றும் பார்த்தார். பயத்தில் கதவைப் பிடித்துக்கொண்டார்.

மைதானத்தில், ஓட்டக் குழுவின் தலைவர் உடலுழைப்பின் அவசியம் பற்றி, சோபாவில் உட்கார்ந்தபடியே, இருபத்தைந்து நிமிடம் பேசினார். பிறகு மாரத்தான் சாரை மேடைக்கு அழைத்து உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்கள். 'இன்று முதல் என் உடலை ஏமாற்ற மாட்டேன்' என்று அவர் வாசிக்க, அறுநூறு பேர் திருப்பிச் சொன்னார்கள். முன்வரிசையில் மகள் கையை நேராக நீட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பக்கத்தில் அவள் அம்மா உதட்டை மட்டும் அசைத்தாள்.

துப்பாக்கிக்குப் பதிலாக விசில் ஊதினார்கள். ஓட்டம் தொடங்கியது.

முதல் அரை கிலோமீட்டரை மானம் இழுத்துக்கொண்டு போனது. அடுத்த அரை கிலோமீட்டரில் மானமும் மூச்சு வாங்கியது. விலாவில் யாரோ முள்கரண்டி வைத்துத் திருகுவதுபோல இருந்தது. மகள் சின்னச் சின்ன எட்டாக, வாயை இறுக மூடிக்கொண்டு, சொல்லிவைத்தாற்போல ஒரே வேகத்தில் ஓடினாள். அவளைத் தாண்டிப் போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் அப்பாவின் பக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாள். தான் ஒண்டிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலணிக் கடையில் நாள் முழுக்க நின்று பழகிய அவர் மனைவி, காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி கையை வீசிப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை. சிதறிக் கிடந்த காகிதக் குவளைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, படிக்கட்டு அக்காதான். அவளைக் கண்டதும் துணை மேலாளர் முகத்தைத் திருப்பினார். பாவம், அவரால் முகத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது, கால்கள் நின்றுவிட்டன. மேசையின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, கரையில் எடுத்துப் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினார்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள். அவர் முதுகைத் தடவிவிட்டாள். பிறகு, நல்ல மனதோடு, எப்போதும்போலக் கையை நீட்டினாள்.

"முடியலன்னா எதுக்கு சார் இழுத்துப் பிடிக்கிறீங்க. கழட்டிக் குடுங்க. மிச்சத்த நான் நடந்துடறேன்."

மகள் குவளையை உதட்டருகில் வைத்தபடி நின்றாள். அக்காவின் நீட்டிய கையைப் பார்த்தாள், அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு துடைப்பத்தைத் தேடிப் போய்விட்டாள்.

"எதை நடக்கறாங்களாம்?"

துணை மேலாளருக்கு அந்த நொடியில் மூன்று பொய்கள் தயாராக வந்து நின்றன. மூன்றுமே பரவாயில்லாத பொய்கள்தான். ஆனால் எதைச் சொல்லவும் மூச்சு வேண்டுமே. உண்மைதான் இருப்பதிலேயே சின்னதாக இருந்தது.

"நான் ஓடினதில்ல குட்டி. உட்கார்ந்திருந்தேன். நடந்ததெல்லாம் அவங்க."

"ஒரு நாள்கூடவா?"

"முதல் நாள். பூங்கா முனை வரைக்கும்."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைத் துணை மேலாளரும் அப்போதுதான் கவனித்தார்.

"பதினாறு வருஷமா ஷூ விக்கறேன்," என்றாள் மனைவி. "எட்டு மாசம் ஓடினவங்க ஷூவுக்கு அடியில கோடு கோடா அப்படியே இருக்குமா? முதல் மாசமே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்மா சொல்லல?"

அவள் மேசையிலிருந்து ஒரு குவளையை எடுத்துக் கணவர் கையில் வைத்து, குடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் எழுந்ததுமே சட்டை எங்கே, சாவி எங்கே என்று வீட்டையே இரண்டாக்குகிற மனுஷன், வெளியே போய்வர ஆரம்பித்த பிறகு சிரித்த முகமாகத் திரும்பினார், நம்மிடம் நான்கு வார்த்தை நின்று பேசினார், அவர் எங்கே உட்கார்ந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன் என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் பாதியில் கோபம் எங்கோ நழுவிப் போனது.

மகளுக்கு எதுவும் நழுவவில்லை. குவளையை நசுக்கித் தொட்டியில் போட்டாள்.

"உங்களை நம்பித்தான் நான் வந்தேன். எங்க கிளாஸ் மொத்தமும் இங்க இருக்கு."

அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அழுதால் தூக்கி அணைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, வீட்டுக்குப் போய்விடலாம். மகளின் கண்ணீரில் தன் மானத்தைக் கொஞ்சம் ஒளித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. அவள் அழவில்லை. மூக்கை ஒருமுறை பலமாக உறிஞ்சினாள். பிறகு திரும்பி, யாருக்காகவும் காத்திராமல், தனியாக ஓடத் தொடங்கினாள். முதலில் தடதடவென்று, கோபத்தைத் தரையில் உதைத்து உதைத்து. கொஞ்ச தூரத்தில் மூச்சு நிதானப்பட்டது. முன்னால் நடையாக மாறிவிட்டிருந்த அந்த இரண்டு பெண்களையும் அவள் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பக்கத்துலயே வாங்கன்னு சொல்லிட்டு இப்படிப் போறாளே," என்றார் துணை மேலாளர், புகார் மாதிரி.

"நிமிருங்க," என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்தார். ஓட முடியவில்லை, நடந்தார். நடப்பதும் ஓடுவதுமாக, இரண்டு அடிக்கு ஒரு முனகலாக. தலைவரின் குடும்பம் வழியில் ஒரு நிழலில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. 'என்ன மாரத்தான் சார், வார்ம்-அப் போகுதா?' என்று தலைவர் சிரித்தபோது, இல்லை, இதுதான் என் வேகம் என்றார். எட்டு மாதத்தில் ஓட்டத்தைப் பற்றி அவர் ஊருக்குச் சொன்ன முதல் உண்மை. அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. மகள் ஒரு நீண்ட சாலையின் மறுமுனையில் புள்ளியாகத் தெரிந்தாள். அவள் மட்டும் போய்ச் சேர்ந்து என்ன பயன், மூவரும் சேர்ந்தல்லவா தாண்ட வேண்டும் என்று நினைத்தார். அவளுக்கு இனி அந்தப் பதக்கம் வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

சாலை வளைகிற இடத்தில் புள்ளி நின்றது. ஒரு காலை மடித்து உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டியது. அதை அவிழ்த்து, மறுபடி கட்டியது. இன்னொரு காலுக்கு மாறியது. நெருங்க நெருங்க, முதுகில் வியர்வை ஒரு பெரிய இலைபோலப் படர்ந்திருப்பது தெரிந்தது. இன்னும் இருபதடி இருக்கும்போது அவள் சட்டென்று எழுந்து, தலையைத் திருப்பாமல், ஓடிப்போய்விட்டாள்.

துணை மேலாளர் மூச்சிரைக்க மனைவியைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் முன்னோக்கி அசைத்தாள். அவர் ஓடினார்.

அடுத்த வளைவில், மகள் மறுபடி குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.