அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில்

நான் பிறந்தது சீனத்து எல்லைக் கோட்டையில். போரில் பிடிபட்டு, வடக்குப் புல்வெளியில் மந்தை மேய்த்து வாழும் ஷியோங்னு மக்களோடு இருபத்திரண்டு வருடம் வாழ்ந்துவிட்டேன். அவர்களுடைய அரசர் ஒர்மோக்குக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன்; பெயர் காவ்.

அரசரின் தம்பி சண்டை போட்டுப் பாதிக் கூட்டத்தோடு வடக்கே போன வருடம், மிச்சமிருந்த மந்தையும் பனியில் செத்தது. ஒர்மோக் சீனப் பேரரசரிடம் சமாதானம் பேசினார். வருடந்தோறும் தானியமும் பட்டும் வந்தன. பிணையாக ஏழு வயது மகன் ஹுதார் சாங்கான் தலைநகருக்குப் போனான்.

"பட்டுக்குப் புள்ளைய வித்தவன்" என்று தளபதிகளே முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவர் கூடாரத்துக்கு யாரும் சும்மா வந்து உட்காருவது நின்றுபோனது.

பதினைந்து வருடம் கழித்து, இறந்த தாயின் சமாதியைப் பார்த்துவர ஹுதாருக்கு அனுமதி கிடைத்தது. அரசர் அவனைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ கேட்டார். அவன் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றார்?" என்றான், சீனத்தில்.

இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன்.

"குதிரை ஏறுவானான்னு கேளு, காவ்."

"வண்டியிலதான் போவாராம், ஐயா."

"அவன் அம்மா முகம் ஞாபகம் இருக்காமா?"

ஹுதார் வெகுநேரம் யோசித்தான். இல்லையாம்.

"இடது புருவத்துல ஒரு தழும்பு. குதிரை உதைச்சது. அவன்கிட்ட சொல்லு."

மூன்றாம் நாள் தளபதி குர்சான் வந்தான். "பையனை நிறுத்திக்குவோம். அவன் கூடக் காவலுக்கு வந்த சீனக்காரங்க நாப்பது பேருதான்."

"தானியம் நின்னுடும்."

"முன்ன மாதிரி எல்லை தாண்டிப் போய்க் கொள்ளையடிச்சுட்டு வருவோம். கை மறந்துபோச்சா உங்களுக்கு?"

அரசர் மகனிடம், இங்கேயே இருக்கிறாயா என்று கேட்கச் சொன்னார். சாங்கானில் மனைவியும் மூன்று மாதப் பெண்குழந்தையும் இருக்கிறார்கள் என்றான் ஹுதார்.

குழந்தையின் பெயர் ருவோலான். அரசரின் நாக்கில் அது நிற்கவில்லை. ஹுதார் சிரித்துவிட்டு மெதுவாகச் சொல்லிக் கொடுத்தான். அவர் திரும்பச் சொன்னார். அவ்வளவு நேரம் நான் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் நாள் வண்டி தெற்கே புறப்பட்டது. அதே வாரம் குர்சான் தன் ஆட்களோடு அரசரின் தம்பியிடம் சேர வடக்கே போனான். அரசர் தடுக்கவில்லை. "அவன் புள்ளைங்க அவன் கூடவே இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பின் நான்காம் குளிர்காலத்தில் அரசர் இறந்தார். நான் சாங்கானுக்கு எழுதினேன். வசந்தத்தில் ஹுதாரின் பதில் வந்தது. அப்பாவின் குரலைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தான். அரசரின் கூடாரத்து வாசலில் நின்று சத்தமாக ஒருமுறை படித்தேன், அங்கே யாருக்கும் புரியாத சீனத்தில். பக்கத்தில் இருந்த பெண்கள் பால் கறப்பதை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு வேலையைத் தொடர்ந்தார்கள்.