எப்போதிலிருந்து வலி

அது புதனா வியாழனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கே ஆளுக்கொரு நாள் சொல்லிவிட்டான். மடியில் பெட்டி இருந்தது மட்டும் மாறுவதில்லை. அவனுடைய கருவிப்பெட்டியில் பாதிதான் இருக்கும். கனமே இல்லாததால் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். உள்ளே, ஐந்து மாதம் நிறையாத மகள்.

வாடகைக் கார் இடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இருக்கிறவளுக்கு எவனாவது கத்தி வைப்பானாடா? லிஃப்ட்டுன்னு நெனைச்சாங்களா, நிறுத்தி வச்சு ரிப்பேர் பண்ண?"

அவனுக்கும் ஆபரேஷன் செய்த டாக்டரம்மாமேல்தான் சந்தேகம். மனைவிக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த நாலாம் நாள் கரு கலைந்துவிட்டது. காலையில் அவரிடமே கேட்டுவிட்டான்.

"ஆபரேஷனுக்கப்புறம் கலைய வாய்ப்பிருக்குன்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினோம்" என்றார் அவர். "ஆனா நீங்க குடல்வால் வெடிச்சப்புறம் கூட்டிட்டு வந்தீங்க. அப்ப ஆபத்து இன்னும் அதிகம். எப்ப இருந்து வலி?"

"அன்னைக்குக் காலையில இருந்துதான். அப்பவே சொன்னேனே."

அவர் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். லிஃப்ட்டில் சத்தம் எப்போதிலிருந்து என்று கேட்டால், கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் 'இன்னைக்குத்தான்' என்பார்கள். ஒருவரையும் அவன் நம்பியதில்லை, இப்படித்தான் பார்ப்பான்.

அங்கிருந்து வார்டுக்குப் போனபோது மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"வலிய எங்கிட்ட மறைச்சு வச்சிருந்தியா?"

திரும்பாமலே சொன்னாள். "ரெண்டு நாள் முன்னாடியே சொன்னேன். வாயுவா இருக்கும், சோடா குடின்னீங்க."

பொய் என்று நினைத்தான். பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறாள்.

இடுகாட்டில் குழி முழங்கை ஆழம்தான். அக்கா அழுதாள். அவன் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தான். கதவில் ஒரு சோடா பாட்டில், பாதி காலி. அவளே வாங்கிக் குடித்திருக்கலாம். எடுத்து மூடியைத் திருகினான். அசையவில்லை. இன்னும் அழுத்திப் பார்த்தான்.

"நீங்க மூடினா பாட்டில உடைச்சுத்தான் குடிக்கணும்" என்று அவள் கேலி செய்வது வழக்கம்.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தான்.

அக்கா மறுநாள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டரம்மாவை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள், அவன் திருத்தவில்லை. மனைவி தையல் பிரித்து வீடு வந்து, ஃப்ரிட்ஜைத் துடைத்தபோது அந்தப் பாட்டிலைச் சுற்றித் துடைத்தாள். டாக்டரம்மா அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். மெக்கானிக் வேலைக்குப் போகிறான். சத்தம் எப்போதிலிருந்து என்று மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.