திருப்பிப் பார்த்தாச்சு

மில் மேஸ்திரி ஆறுச்சாமி அனுப்பிய படத்தை நஸ்ரியா விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவிநாசிக்குப் பக்கத்து மில்லில் பஞ்சு மெஷினுக்குப் புதிதாக மாட்டிய டச் ஸ்கிரீன். இடம் பத்தவில்லையென்று, படுக்கையாக இருக்க வேண்டியதை நெட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்தார்கள். 'நல்லா நிக்குதுங்க அம்மணி, சாயங்கால ஷிப்டுக்கு ஓட்டிருவோமுங்க' என்று கீழே எழுதியிருந்தார்.

அந்த ஸ்கிரீனின் மென்பொருளைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். போன திங்கட்கிழமை அவளுடைய மேலதிகாரி கிருபாசங்கர் தன் சீட்டிலிருந்தபடியே கேட்டார். "ஏனுங்க நஸ்ரியா, திருப்பிப் பாத்துட்டீங்களா?" அவர் கேட்டது ஸ்கிரீனைத் திருப்பிவைத்துப் பார்த்தாளா என்று. அவள் எடுத்துக்கொண்டது மறுபடியும் பார்த்தாளா என்று. ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்திருந்த மிதப்பில், "பாத்துட்டனுங்க" என்றாள். பாழாய்ப்போன அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டென்று துடியலூர் ஆபீசில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மேசையிலிருந்த சோதனை ஸ்கிரீனை நெட்டுக்குத்தலாக நிறுத்தினாள். எழுத்துகள் சமர்த்தாகத் திரும்பி நின்றன. கீழ் மூலையில் 'நிறுத்து'. அதன்மேல் விரலை வைத்தாள். கர்சர் அங்கே வரவில்லை. மேல் மூலைக்குப் போய் 'வேகம் கூட்டு' மேல் உட்கார்ந்தது. படம் திரும்பியிருந்தது, தொடும் இடத்தின் கணக்கு திரும்பவில்லை.

வேலை போய்விடும் என்பதுதான் முதலில் வந்த பயம். அதற்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. மணி நாலரை. போனைப் போட்டாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை ஆறுச்சாமி எடுத்தபோது பின்னால் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. ஷிப்டு வரை பொறுக்காமல் ஓட்டியிருந்தார்கள்.

"அண்ணா, ஸ்கிரீனத் தொடாதீங்க. மெஷின நிறுத்தப் பக்கத்துல செவப்புக் குமிழ் இருக்கும், அத மட்டும் அமுக்குங்க."

"ஏனுங்க அம்மணி? ஒண்ணுமே கேக்கலீங்க."

"ஸ்கிரீன் வேண்டாமுங்க."

"சித்த இருங்க. ரோலர்ல பஞ்சு சுத்திக்கிச்சு, ரசாக் கைய உட்டு எடுக்கோணுங்கறான். மெஷின நிறுத்திப்போட்டு வெளிய வாரனுங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டது தெரிந்தது. நஸ்ரியா கத்தினாள். ஆபீசே திரும்பிப் பார்த்தது. கிருபாசங்கர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அவளுடைய இன்னொரு கை, அவளை அறியாமலே, நெட்டுக்குத்தலாக நின்ற ஸ்கிரீனில் 'நிறுத்து' என்பதை அமுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கர்சர் மேல் மூலைக்குப் போய் நின்றது.

காதில் மெஷினின் இரைச்சல் ஏறத் தொடங்கியது.