மேஸ்திரியின் பிஸ்கட் டப்பா

நாற்பது வருஷம் மின்சாரம் விற்றுக் கொழுத்த அணுமின் நிலையத்தை ஒருவழியாக மூடிவிட்டார்கள். மூடினால் மட்டும் போதுமா, பிரித்துப் போட வேண்டாமா? அதற்கான செலவைப் பார்த்துக் கம்பெனிக்குத் தலை சுற்றியது. இருப்பதிலேயே குறைந்த விலை சொன்ன காண்டிராக்டரின் தலையில் வேலையைக் கட்டினார்கள். அவர் அதை யார் தலையில் கட்டினார் என்பதைச் சொல்கிறேன்.

உள்ளே குழாய் அறுப்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அது அளக்கும். அளவு நிறைந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க உள்ளே போகக் கூடாது. ஆளுக்குச் சம்பளம் போய்விடும், காண்டிராக்டருக்குப் புது ஆள் தேடும் செலவு வரும். அதனால் உடை மாற்றும் அறையில் மேஸ்திரி பிஸ்கட் டப்பாவோடு நிற்பார். எல்லோரும் பேட்ஜைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். பேட்ஜுகள் சுகமாக வெளியே இருக்கும்.

பின்னால் ரம்பக்காரி என்று பெயர் எடுத்த ஒருத்தியின் புருஷனும் உள்ளே ரம்பம் பிடித்த ஆறு வருஷமும் அப்படித்தான் போட்டான். இப்போது ரத்தம் கெட்டுப் படுக்கையில் கிடக்கிறான். வைத்தியச் செலவு கேட்டு இவள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனபோது, அதிகாரி அவனுடைய அளவுச் சீட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரர் வேலை செஞ்சாரா, இல்ல கேன்டீன்லயே உட்கார்ந்திருந்தாரா? இதுல ஒண்ணுமே ஏறலையேம்மா."

சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். புருஷன் விட்ட இடத்துக்கே, அதே ரம்பத்தைப் பிடிக்க, வேலைக்குச் சேர்ந்தாள். பாவம், பிழைப்புக்கு வந்திருக்கிறாள் என்று எல்லோரும் இரக்கப்பட்டார்கள். அவள் வந்தது ஒரு சீட்டுக்காக.

முதல் நாள் காலையில் மேஸ்திரி டப்பாவை நீட்டினார். அவள் பேட்ஜைத் தொடவே இல்லை.

"கழட்டும்மா."

"மாட்டேன்ணே."

"இது சீக்கிரமே நிறைஞ்சிடும். அப்புறம் வேலை போயிடும், தெரியும்ல?"

"டப்பால போட்டாலும் என் உடம்புல ஏறுறது ஏறத்தானே போகுது. எழுதிக்கிட்டே ஏறட்டும்."

மேஸ்திரியும் முன்பு அறுத்தவர்தான். அவர் பேட்ஜும் ஒரு காலத்தில் இதே டப்பாவில் கிடந்ததுதான். டப்பாவின் மூடியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். சுற்றி நின்ற பத்துப் பேரும் அவளைப் பார்த்தார்கள். ஏற்கெனவே டப்பாவில் போட்டுவிட்ட ஒருவன் கையை உள்ளே விட்டுத் தன்னுடையதை எடுத்துக் குத்திக்கொண்டான். அப்புறம் இன்னொருவன். கடைசியில் டப்பா காலியாகிவிட்டது.

சாயங்காலம் வாசலில் பேட்ஜைப் படிக்கும் இயந்திரம் ஆளுக்கொரு முறை அலறிச் சீட்டைத் துப்பியது. காண்டிராக்டர் வந்து குதியோ குதியென்று குதித்தார். பதினொரு பேருக்கும் நாளையிலிருந்து வேலை இல்லை என்றார். அடுத்த மாதம் என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சீட்டைப் பார்த்தபோது, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை சிரிப்பாக வந்தது.

மறுநாள் அதிகாரியின் மேஜையில் புருஷனுடையதும் தன்னுடையதுமாக இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது உங்களுதும்மா. அவரோடது இல்லையே."

"அதே ரூம் சார், அதே ரம்பம். அவர் ஆறு வருஷம். நான் ஒரே ஒரு நாள். அவருக்கு ஆறு வருஷத்துல ஏறினதைவிட எனக்கு ஒரு நாள்ல அதிகமா ஏறியிருக்கே, அது எப்படி சார்?"

அதிகாரிக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் ஆளுக்கொரு சீட்டோடு நின்றார்கள். கடைசியில், டப்பா இல்லாத கையைக் கட்டிக்கொண்டு மேஸ்திரியும் நின்றார்.

"சரி, வச்சிட்டுப் போங்க. பார்க்கிறோம்," என்று அதிகாரி மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

ரம்பக்காரி சீட்டின் மேல் கையை ஊன்றினாள்.

"நகல் எடுத்துக்குங்க சார். இனிமே எதையும் டப்பால போடுறதா இல்ல."