ஆமை வேலி

தெயோங் இறந்து இருபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. சவப்பெட்டியின் கண்ணாடியை நெலிடா மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருமல் இல்லாத அப்பாவின் முகம் அவளுக்குப் பழகவில்லை.

"குனியாதேடி. கண்ணாடி மேல கண்ணீர் பட்டா அவன் நிம்மதியாப் போக மாட்டான்" என்றாள் அத்தை சலிங்.

நேற்றிலிருந்து இப்படித்தான். வீட்டைப் பெருக்கக் கூடாது. வீட்டில் குளிக்கக் கூடாது. துக்கத்துக்கு வந்தவர்களை வாசல் வரை போய் வழியனுப்பக் கூடாது. அனுப்பினால் சாவும் அவர்களோடு போய்விடும். நெலிடா பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.

ஊர்த் தலைவர் ருஃபினோவைக் கிழவர்கள்கூட கபிடான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வரும்போது பின்னால் கடற்கரைச் சங்கத்தார் இருபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். அவர் பெட்டியருகே தொப்பியைக் கழற்றினார். பிறகு காப்பியைக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். முன்னூறு அலையாத்திக் கன்று வந்திருக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது, இன்றைக்கே தெயோங் பெயரில் நட்டுவிடலாம்.

"எங்க, கபிடான்?"

"தெற்கு முனையில. அது ஒண்ணுதான் மொட்டையாக் கெடக்கு. மேல மணல் ஜாஸ்தி, இடுப்பளவு வாரிட்டு சேறு போடணும்."

பெட்டிக்குக் காவலாக விழித்திருக்கச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிராமலே சொன்னார். "ஆமை முட்டையிடுதுன்னு ரெண்டு வருஷமா வேலி போட்டு வெச்சிருந்தானே. ஒரு ஆமையும் வரல. இப்ப எழுந்து வந்தா தடுக்கப்போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். சலிங்கும் சிரித்தாள்.

அப்பா கடைசியாகப் பேசியதும் அந்த முனையைப் பற்றித்தான். அங்கே யாரையும் தோண்ட விடாதே என்றார். காரணம் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

கப்பல் மூழ்கி, எண்ணெய் கரையேறி இரண்டு வருடம். மீன்பிடித் தடை நீங்கிப் பதினோரு நாள். வீட்டுக்கு வீடு கருவாடு காய்ந்தது. நெலிடாவின் கணவன் நேற்றுக் காலை கடலுக்குப் போனவன், இன்னும் சேதி தெரியாமல் அங்கேயே இருந்தான். பேசினால் அதிகாரிகள் வந்து கடலை மறுபடி மூடுவார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி ஊர் காறித் துப்பும். பேசாவிட்டால் சாயங்காலத்துக்குள் கடல் தானாகவே கெட்டுப்போகும். மண்வெட்டி ஒரு முறை ஆழமாக இறங்கினால் போதும்.

"அடக்கம் முடியட்டுமே, கபிடான்" என்றாள்.

"தண்ணி உனக்காகக் காத்திருக்குமா? நீ உட்காரு, நாங்க பாத்துக்கறோம். உங்கப்பன் மாதிரி ஒழுங்கா வேலை செஞ்சவன் இந்தக் கரையில கிடையாது. எண்ணெய் மண்ணைச் சாக்குல கட்டி, ஒரு பிடிகூட மிச்சம் வெக்காம படகுல ஏத்தி அனுப்பினவன்."

அவள் காலிக் குவளைகளை அடுக்கினாள். ஒன்று கைநழுவி உருண்டது. அதை எடுத்து நிமிர்வதற்குள் அவர்கள் முற்றத்தில் இறங்கிவிட்டிருந்தார்கள்.

வாசலில் சலிங் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வழியனுப்பப் போறியா? புத்தி பிசகிடுச்சா உனக்கு?"

நெலிடா கையை உருவிக்கொண்டு செருப்பில்லாமல் படி இறங்கினாள். சங்கத்தார் தென்னைகளைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் மகள் வீட்டை விட்டுப் பின்தொடர்ந்து வருவதைப் பார்த்து, கடைசியில் நடந்த பெண் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினாள்.

"கபிடான்."

அவர் திரும்பினார். முகத்தில் எரிச்சல். "உள்ள போம்மா."

அவள் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"கடைசிப் படகு வரவேயில்ல, கபிடான். புயலுக்கு நீங்கல்லாம் பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தப்ப, மழை கரைச்சுட்டுப் போயிடும்னு பயந்து, மிச்சமிருந்த நூத்திப்பத்து சாக்கு எண்ணெய் மண்ணையும் அப்பாவும் நானும் அந்த வேலிக்குள்ளதான் புதைச்சோம்."